ஏழடி நீள மிருதங்கம்: ஸ்பீக்கர் வைக்க எந்தப் பதிவு உதவியது? மூன்று பேரின் அனுபவம்

புது வீட்டு ஹாலில் ஸ்பீக்கர்களுக்கு இடம் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. ஹால் 14-க்கு 11 அடி. வழக்கமான கணக்கில்தான் தொடங்கினேன்: ஸ்பீக்கர்களுக்கு நடுவே 7 அடி, ஒவ்வொன்றிலிருந்தும் என் நாற்காலிக்கு 7 அடி. சோதிக்க எடுத்தது எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு கர்நாடக இசை சிடி. அதுதான் வம்பு.

பாடுபவர் நடுவில் சரியாக உட்கார்ந்திருந்தார். மிருதங்கம் மட்டும், வலந்தலை (வலது முகம்) ஒரு ஓரத்திலும் தொப்பி (இடது முகம்) மறு ஓரத்திலுமாக ஏழடி நீளத்துக்குக் கிடந்தது. ஸ்பீக்கர்களை நெருக்கினேன். மிருதங்கம் சுருங்கியது, கூடவே கச்சேரி மொத்தமும் சுருங்கியது. உட்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன், சுவரை ஒட்டி வைத்தேன், தரையெல்லாம் மாஸ்கிங் டேப். ஒலிப்பதிவு வேலை செய்யும் என் மச்சினன் வந்து ஒரு நிமிடம் கேட்டான். "மாமா, ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி மைக் வெச்சு, லெஃப்ட் ரைட்டா பிரிச்சிருக்காங்க. நீங்க எங்க வெச்சாலும் இப்படித்தான் கேட்கும்."

அப்புறம்தான் 'எ மீட்டிங் பை தி ரிவர்' ஆல்பத்தை எடுத்தேன். அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடரும் மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசித்தது. 1992-ல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு சிற்றாலயத்தில் பதிவானது. பதிவு செய்த கவி அலெக்சாண்டர் இலங்கையில் பிறந்தவர். முன்னும் பின்னும் ஒலியை வாங்கும் இரண்டு மைக்குகளை ஒரே இடத்தில் குறுக்காக வைக்கும் முறை அது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் 1931-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ யோசனைகளில் ஒன்று. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாகப் பிடித்து, பிறகு மிக்ஸிங் மேசையில் இடம் ஒதுக்குவதில்லை. யார் எங்கே உட்கார்ந்தார்களோ அந்த இடமும், சுற்றியிருந்த கூடமும் சேர்ந்தே பதிவாகின்றன.

இதை வைத்து நகர்த்தியபோது ஒவ்வொரு அங்குலத்துக்கும் பதில் கிடைத்தது. ஸ்பீக்கர்கள் தங்கள் பின்னால் இருந்த சுவரிலிருந்து இரண்டரை அடி முன்னால் வந்ததும், வாத்தியங்கள் ஸ்பீக்கர் பெட்டியை விட்டு விலகிப் பின்னால் போய் நின்றன. அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பழைய சிடியை மறுபடி போட்டேன். மிருதங்கம் இன்னும் நீளம்தான், ஆனால் இனி அதற்காக ஸ்பீக்கரைத் தொட மாட்டேன்.

*

எனக்கு உதவியது மோனோ காலத்துப் பழைய சினிமாப் பாட்டு. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வருகிறது என்பதால், குரல் நட்ட நடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். என் வீட்டில் அது இடப்பக்கம் சாய்ந்து, முகம் அளவுக்குப் பதில் ஜன்னல் அளவுக்கு இருந்தது. டேப் வைத்து அளந்தேன்: இடது ஸ்பீக்கர் என் காதுக்கு ஒன்றரை அங்குலம் கிட்டே இருந்தது. அதைச் சரிசெய்ததும் குரல் நடுவுக்கு வந்தது, ஆனால் அகலம் குறையவில்லை. இடது பக்கம் வெறும் சுவர், வலது பக்கம் சாப்பாட்டு அறைக்குத் திறப்பு. அந்தச் சுவரில் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்துக் கேட்டேன். குரல் அப்படியே குவிந்தது. ஸ்டீரியோ பதிவில் இந்தக் கோளாறைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். பதிவிலேயே அப்படி இருக்கிறது என்று நினைத்திருப்பேன்.

*

மிருதங்கம் பற்றி எழுதிய நண்பருக்கு ஒன்று. மிருதங்கத்தின் தொப்பியை வைத்து பேஸையும் (தாழ்ந்த ஒலிகளை) முடிவு செய்யாதீர்கள். அது பெரும்பாலும் ஒரே சுருதியைச் சுற்றித்தான் பேசும், உங்கள் அறை வேறொரு சுரத்தைப் பெருக்கிக் குமுறினால் அதில் தெரியாது. டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் படிப்படியாக மேலும் கீழும் ஏறி இறங்கும் பதிவு வேண்டும். நான் வைத்திருப்பது டபுள் பேஸ் கலைஞர் ராப் வாஸர்மனின் 1988 'டூயெட்ஸ்' ஆல்பத்தில் ஜெனிஃபர் வார்ன்ஸ் பாடியது. பேஸும் ஒரு குரலும் மட்டும்தான். என் அறை 12 அடி நீளம், அந்த நீளத்துக்கு அறை 47 ஹெர்ட்ஸ் பக்கம் குமுறும். அதே இடத்தில் ஒரே ஒரு சுரம் மட்டும் வீங்கி, பக்கத்துச் சுரங்களை விழுங்கியது. நாற்காலி பின்சுவரை ஒட்டி இருந்ததுதான் காரணம். 4 அடி முன்னால் இழுத்ததும் அந்தச் சுரம் மற்றவற்றோடு வரிசையில் வந்துவிட்டது. ஸ்பீக்கரை நகர்த்தவே இல்லை.