ஒன்பதாம் வகுப்பில் யார் சொல் எடுபடும்: ஆசிரியரா, கூட்டாளியா?

ஒன்பது பி (கேள்வி)

பட்டிமன்றத் தலைப்பு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியது தீர்ப்பு இல்லை, நடைமுறை யோசனை. 42 பேர் உள்ள வகுப்பு. கடைசி பெஞ்சில் ஐந்து பையன்கள் ஒரே செட். ஒருவன் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்றால் ஐந்து பேரும் எழுதுவதில்லை. சாப்பாட்டு பெல் முடிந்து வருவதும் ஐந்து பேரும் சேர்ந்தே லேட். தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் ஒவ்வொருவனும் ஒழுங்காகத் தலையாட்டுகிறான். வகுப்புக்குள் போனதும் பழைய கதை. ஸ்டாஃப் ரூமில் இரண்டு யோசனை சொல்கிறார்கள். ஒன்று, ஐவரையும் ஐந்து மூலையில் பிரித்துப் போடு. இன்னொன்று, பள்ளி விட்டதும் ஐவரையும் ஒரே அறையில் வைத்து தினமும் புத்திமதி சொல். எது உருப்படும்?

கரும்பலகைத்தூள்

இரண்டாவது யோசனையை முதலில் கைவிடுங்கள் டீச்சர். சேட்டைக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி ஒரே அறையில் உட்கார வைத்தால், நீங்கள் பேசும்போது அவர்கள் உங்களைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவன் எதற்குச் சிரிக்கிறான் என்றுதான் பார்க்கிறார்கள். டிஷியன், மெக்கார்ட், பூலின் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1999-இல் எழுதியது இதைப் பற்றித்தான். திருத்துவதற்காகக் குழுவாகச் சேர்க்கப்பட்ட விடலைப் பிள்ளைகளிடம் புகையிலைப் பழக்கமும் வகுப்புத் தொல்லையும் குறைவதற்குப் பதில் கூடின. நல்ல எண்ணத்தில் நடத்திய திட்டமேதான் கெடுதல் செய்தது.

தனியாகக் கேட்டால் தலையாட்டுவது நடிப்பு என்று நினைக்க வேண்டாம். கார்ட்னர், ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-இல் வெளியிட்ட சோதனையில் 306 பேரை ஒரு கார் ஓட்டும் வீடியோ கேம் ஆட வைத்தார்கள். 13 முதல் 16 வயது வரை ஒரு பிரிவு, 18 முதல் 22 வரை ஒரு பிரிவு, 24-க்கு மேல் ஒரு பிரிவு. தனியாக ஆடியபோது சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சம வயதுக்காரர்கள் பக்கத்தில் நின்றதும் சிறுவர்கள் எடுத்த ஆபத்து எகிறியது. 24-க்கு மேற்பட்டவர்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தார்கள். உங்கள் அறையில் தலையாட்டும் பையனும் கடைசி பெஞ்சில் நோட்டை மூடி வைக்கும் பையனும் ஒரே ஆள்தான். பார்க்கும் கண்கள்தான் வேறு.

ஆகவே ஒரு முடிவு நாலு பேர் கண் முன்னால் எடுக்கப்படுகிறது என்றால் கூட்டாளி கை ஓங்கும். தனியாக எடுக்கப்படுகிறது என்றால் உங்கள் சொல் எடுபடும். வீட்டுப்பாட நோட்டை வகுப்பில் நிற்க வைத்துக் கேட்காதீர்கள். பிரேயருக்கு முன்பே மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். யார் வைத்தான், யார் வைக்கவில்லை என்பது மற்ற நால்வருக்கும் தெரியக் கூடாது.

தரவுப்பூச்சி

மேலே சொன்னதற்கு இன்னும் நேரடியான ஆதாரம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் உயர்நிலைப் பள்ளிகளில் பர்ஸ்டின், ஜென்சன் இருவரும் இலவச நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்கு விண்ணப்பத் தாள் கொடுத்தார்கள். ஒரு தாளில் ‘உன் முடிவு யாருக்கும் தெரியாது’ என்று இருந்தது. இன்னொன்றில் ‘வகுப்பில் உள்ளவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது’ என்று இருந்தது. மாற்றம் அந்த ஒரு வரியில்தான். சாதாரண வகுப்புகளில் இரண்டாவது தாள் கிடைத்தவர்கள் சேர்ந்தது 11 சதவீதப் புள்ளி குறைவு. முன்னேறிய மாணவர்களுக்கான வகுப்புகளில் அந்த வித்தியாசம் இல்லை, ஏனென்றால் அங்கே படிப்பது கேவலம் இல்லை.

நம் பள்ளிகளில் மெல்லக் கற்போர் பட்டியலை வகுப்பில் உரக்க வாசித்து, ‘இவங்கல்லாம் சாயங்காலம் இருக்கணும்’ என்கிறோம். அதன் பிறகு வரவில்லை என்று வருத்தம் வேறு!

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஐந்து பேரும் ஒரே மாதிரி இருப்பதால் ஒருவன் மற்றவனைக் கெடுத்தான் என்று முடிவு கட்டாதீர்கள். டெனிஸ் கேண்டல் 1978-இல் நட்பு ஜோடிகளைக் கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒப்பிட்டார்: தொடர்ந்த நட்பு, முறிந்த நட்பு, புதிதாக முளைத்த நட்பு என்று மூன்று வகை. ஒற்றுமையில் ஏறக்குறைய பாதி, ஏற்கெனவே ஒத்த குணம் உள்ளவர்கள் தேடிச் சேர்ந்ததால் வந்தது. மீதிதான் பழகியதால் வந்தது. உங்கள் ஐவரில் இரண்டு பேருக்கு ஆறாம் வகுப்புக் கணக்கே தடுமாற்றமாக இருக்கலாம். அவர்கள் கடைசி பெஞ்சுக்குப் போனதே யாரும் கேள்வி கேட்காத இடம் என்பதால். அவர்களைப் பிரித்தால் நோட்டு நிரம்பாது. பின்னம், மிகை-குறை எண் கூட்டல் கழித்தல், பெருக்கல் வாய்ப்பாடு மூன்றிலும் பத்துப் பத்துக் கணக்கு கொடுத்துத் தனித்தனியாகப் பாருங்கள். எந்தப் பையனுக்குச் சேர்க்கை பிரச்சினை, எந்தப் பையனுக்கு அடிப்படை பிரச்சினை என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மூணாவது பெஞ்ச்

எல்லாரும் நண்பன் பக்கமே பேசுறீங்க. ஆசிரியர் ஒண்ணுமே இல்லையா? அமெரிக்காவில் ஒரு பெரிய நகரத்துப் பள்ளிப் பதிவுகளை வைத்து செட்டி, ஃப்ரீட்மன், ராக்காஃப் 2014-இல் வெளியிட்டதைப் பாருங்க. மதிப்பெண்ணை உயர்த்தும் ஆசிரியரிடம் படிச்ச பிள்ளைகள் பிற்பாடு கல்லூரிக்குப் போறது அதிகம், சம்பளமும் அதிகம். நண்பன் இன்னைக்கு என்ன செய்யணும்னு முடிவு பண்றான், சரி. ‘உனக்குக் கணக்கு வராது’ன்னு எட்டாம் வகுப்பில் ஒரு வாத்தியார் சொன்னது பத்து வருஷம் நிக்குது. எந்த நண்பனோட பேச்சு அப்படி நிக்கும்?

தரவுப்பூச்சி

@மூணாவது பெஞ்ச், ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது அன்றாட நடத்தைக்கு.

வரைபடத்தாள்

உட்கார வைப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. ஐந்து மூலைக்கும் சிதறடிப்பது பெரும்பாலும் தோற்கும். தூரத்திலிருந்து சைகை காட்டுவார்கள், வகுப்பே வேடிக்கை பார்க்கும். ‘மக்குப் பையனை முதல் மார்க் பையன் பக்கத்தில் போடு’ என்ற பழைய வைத்தியமும் சந்தேகமானது. அமெரிக்க விமானப்படை அகாடமியில் காரெல், சாசர்டோட், வெஸ்ட் மூவரும் கணக்குப் போட்டு, பின்தங்கியவர்களையும் முன்னணி மாணவர்களையும் ஒரே அணியில் கலந்தார்கள். 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். உயர வேண்டிய பின்தங்கியவர்கள் முன்னைவிடக் குறைவாக மதிப்பெண் வாங்கினார்கள். காரணம், அணிக்குள்ளேயே இரண்டு தரப்பும் தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்துகொண்டன. பக்கத்தில் உட்கார வைப்பது நம் கையில் இருக்கிறது, பழக வைப்பது இல்லை.

ஆகவே முதலில் வகுப்பில் யார் யாரோடு பழகுகிறார்கள் என்று தெரிய வேண்டும். பி.எட். பாடத்தில் வந்த சோசியோகிராம் இதற்குத்தான். செய்முறை: ஆளுக்கு ஒரு துண்டுத்தாள். ‘அறிவியல் செய்முறைக்கு யாருடன் சேர விருப்பம்? நம் வகுப்பில் மூன்று பேர்’ என்று ஒரே கேள்வி. ‘உயிர் நண்பன் யார்’ என்று கேட்டால் பக்கத்து செக்‌ஷன் பெயர் வரும். ‘யாரைப் பிடிக்காது’ என்று எக்காரணத்தாலும் கேட்காதீர்கள், அடுத்த இடைவேளையிலேயே சண்டை வரும். தாளை வகுப்புத் தலைவனைக் கொண்டு வாங்கினால் மாலைக்குள் எல்லார் விடையும் ஊருக்கே தெரியும், நீங்களே வாங்குங்கள். பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்தில் செய்தால் போன வருட நட்புதான் தெரியும். ஜூலை நடுவில், வருகை முழுதாக இருக்கும் ஒரு நாளில் செய்யுங்கள்.

கட்டம் போட்ட தாளில் மேலே 42 பெயர், பக்கவாட்டில் 42 பெயர் எழுதி, யார் யாரைச் சொன்னார் என்று புள்ளி வையுங்கள். மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, ஐவரில் யாருடைய பெயரை மற்ற நால்வரும் எழுதியிருக்கிறார்கள். அவன்தான் நடு ஆணி. இரண்டு, ஐவரில் யார் வெளி ஆள் ஒருவர் பெயரை எழுதியிருக்கிறான், அந்த வெளி ஆளும் இவன் பெயரை எழுதியிருக்கிறானா. மூன்று, யாருடைய தாளிலும் பெயர் வராத பிள்ளைகள் யார். இந்த மூன்றாவது பட்டியலை எல்லாரும் மறந்துவிடுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு ஆள் அங்கிருந்துதான் போகும்.

பெயர்கள் இரண்டு பக்கமும் பொருந்துகிற ஜோடியை வைத்து உட்கார வையுங்கள். ஐவரையும் முழுக்கப் பிரிக்காமல் இரண்டு பேரை ஒன்றாகவே விடுங்கள், நடு ஆணி மட்டும் அந்த ஜோடியில் இருக்க வேண்டாம். மொத்த வகுப்பையும் ஒரே நாளில் மாற்றினால்தான் அது தண்டனையாகத் தெரியாது. பாட மதிப்பெண்ணில் 30 வாங்குபவனை 95 வாங்குபவன் பக்கத்தில் போட்டால் நோட்டைப் பார்த்து எழுதுவதுதான் நடக்கும்; 50, 55 வாங்குபவன் பரவாயில்லை, அவனுக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். ஆறு வாரம் தொடாதீர்கள். வாரா வாரம் மாற்றினால் புது நட்பு முளைக்க நேரம் இல்லை.

ஒன்பது பி

நடு ஆணி யார் என்று தாளைப் பார்க்காமலே தெரியும். அவனை வகுப்புத் தலைவன் ஆக்கிவிடலாமா? எங்கள் ஹெச்.எம். அப்படித்தான் சொல்கிறார்.

வரைபடத்தாள்

வேண்டாம். பேசுபவர் பெயரைப் பலகையில் எழுதும் வேலை கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். தன் நால்வர் பெயரை விட்டுவிட்டு மற்றவர் பெயரை எழுதுவான், அல்லது நால்வரிடம் துரோகி ஆவான். கண்காணிக்கிற வேலை இல்லாத பொறுப்பு கொடுங்கள். ஆய்வகச் சாமான் எடுத்து வைப்பது, விளையாட்டு பீரியடில் அணி பிரிப்பது மாதிரி. அந்த வேலை ஐவருக்கு வெளியே குறைந்தது இருவரோடு சேர்ந்து செய்கிறதாக இருக்க வேண்டும்.

சாப்பாட்டு இடைவேளையில் எங்கே போகிறார்கள் என்றும் பாருங்கள். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்பதும் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தாமதத்துக்குக் காரணம் ஒரு பெட்டிக்கடை என்றால் பையன்களுக்குப் புத்திமதி சொல்வதைவிடக் கடைமேல் எழுத்தில் புகார் கொடுப்பது சீக்கிரம் பலன் தரும்.

கரும்பலகைத்தூள்

ஒன்று விட்டுப்போயிற்று. அடுத்த வருடம் இதே ஐவரும் பத்தாம் வகுப்பு. முடிவு வந்த வாரம் ‘அவன் எடுத்த குரூப்தான் எனக்கும்’ என்று பதினொன்றுக்கு வரிசையில் நிற்பார்கள். கணக்கு இல்லாத குரூப் எடுத்தால் டிஎன்இஏ பொறியியல் கலந்தாய்வுக் கட்-ஆஃபே போட முடியாது: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. உயிரியல் இல்லையென்றால் நீட் பக்கம் போவது சிக்கல். குரூப் விருப்பத்தை ஜனவரியிலேயே தனித்தாளில் காரணத்தோடு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் அந்தத் தாளைக் காட்டிக் கேட்டால், நண்பன் பக்கத்தில் நின்றாலும் பையன் ஒரு நிமிடம் யோசிப்பான்.