கிரியான் ஆற்றுப் படகுத்துறையின் தூண்களில் துளைகள்

கேள்வி:
வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள நிபோங் திபாலில், கிரியான் ஆற்றின் கழிமுகப் பக்கம், தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் அப்பா தம் மீன்பிடிப் படகுக்காக அமைத்த மரத்துறையை இப்போது நான் பராமரிக்கிறேன். மேல்பலகைகள் உறுதியாக உள்ளன; ஆனால் நீர் வற்றும்போது வெளிப்படும் தூண் பகுதியில் ஊசித்துளைகள் தென்படுகின்றன. தூண்களை மாற்றத்தான் வேண்டுமா?

மறுமொழி 1:
ஐயா, அது கப்பல்புழுவாக இருக்கலாம். பெயரில் புழு என்றிருந்தாலும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. இளம்பருவத்தில் நுண்துளையிட்டு நுழைந்து, உள்ளேயே வளர்ந்து மரத்தைக் குடைவதால், வெளியே நலமாகத் தெரியும் தூண் உள்ளே வெறும் கூடாகியிருக்கக்கூடும். வற்றுநேரத்தில் ஒவ்வொரு தூணையும் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். ஒலி மந்தமாகவோ பொள்ளலாகவோ இருக்குமிடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் மாற்றியே ஆக வேண்டும். மேலே சாயம் பூசி மறைப்பது ஆபத்தானது. நம் ஊருக்குப் பெயர் தந்த நிபோங் பனையைப் பழைய மீனவர்கள் தூணாக நட்டதை நினைவில் கொள்ளலாம்.

மறுமொழி 2:
ஆணிகளையும் பாருங்கள், அண்ணா. துத்தநாகம் பூசிய இரும்பையும் துருப்பிடிக்காத எஃகையும் ஒன்றோடொன்று தொடும்படி பொருத்தினால், உப்புநீரில் துத்தநாகம் விரைவில் கரைந்துவிடும்.

மறுமொழி 3:
புதுத் தூண் நடுமுன் மாவட்ட நில அலுவலகத்திலும் வடிகால் நீர்ப்பாசனத் துறையிலும் அனுமதி பற்றி விசாரியுங்கள்.