கூரையில்லாத வண்டி கட்ட எந்தக் காரை வாங்குவது?

திருப்பாதிரிப்புலியூரான்:
வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலையில் ஓட்டுவதற்குக் கூரையில்லாத வண்டி ஒன்றை என் விருப்பப்படி கட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மஞ்சக்குப்பத்தில் ஓர் அம்பாசடர், நெல்லிக்குப்பத்தில் ஒரு மாருதி 800, புதுச்சேரியில் பி.ஒய். எண் கொண்ட ஒரு மாருதி ஜிப்ஸி ஜீப் ஆகிய மூன்றும் விலைக்கு உள்ளன. அம்பாசடரின் முகத்தில்தான் என் மனம் நிற்கிறது. கூரையை அறுக்க ஏற்றது எது?

முதுநகர் பட்டறை:
தம்பி, முகத்தைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். அம்பாசடருக்கும் மாருதி 800க்கும் தனிச் சேஸிஸ், அதாவது பாரம் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது; கூரை, தூண், தரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஓர் அம்பாசடரின் கூரையை அறுத்துவிட்டு, மறுநாள் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். இறக்கிய பிறகு பின்கதவு மூடவே இல்லை. தரைக்கடியில் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து அதைச் சரிசெய்வதற்குள் வண்டி வாங்கிய காசைவிட அதிகம் செலவாயிற்று. ஜிப்ஸிக்கோ ஏணிபோன்ற தனிச் சட்டம் உண்டு; பாடியையே கழற்றினாலும் அது வளையாது.

ஆனால் நம் ஊர் உப்புக்காற்று அந்தச் சட்டத்தை உள்ளிருந்தே தின்னும். பின் லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை வில்) மாட்டியிருக்கும் இடத்தில் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். 2015 வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவியிருந்தாலும், பெல்ட்டின் உள்முனையில் சேற்றுக்கறை தங்கியிருக்கக்கூடும்.

வில்லியனூர் வாசகர்:
அரசின் சட்ட விதிகளையும் கருத வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே அறுத்துத் திறந்த வண்டியைவிட, தொழிற்சாலையிலேயே கேன்வாஸ் கூரையுடன் வந்த வண்டியே நல்லது. ஜிப்ஸியில் அந்த வகை உண்டு, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) பாடி வகை என்னவென்று முதலில் பாருங்கள். நீங்கள் கடலூரில் ஓட்டப்போவதால், புதுச்சேரிப் போக்குவரத்துத் துறையிடம் தடையில்லாச் சான்று பெற்றுத் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்ற வேண்டும். சாலை வரியையும் கணக்கில் சேர்த்து விலை பேசுங்கள். பதிவாகிப் 15 ஆண்டுகள் கடந்திருந்தால், பதிவைப் புதுப்பித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரான்:
இருவருக்கும் நன்றி. ஜிப்ஸி உரிமையாளரிடம் ஆர்.சி.யின் படத்தைக் கேட்டிருக்கிறேன். அது சரியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சுத்தியலோடு புதுச்சேரிக்குப் போகிறேன். அதுவரை மஞ்சக்குப்பம் பக்கம் போவதாக இல்லை. அந்த அம்பாசடரை இன்னொரு முறை பார்த்தால் வாங்கிவிடுவேன்.