சைக்காலஜிக்கு முன்னால் ஒரு வருஷம் பவுண்டேஷன்: படித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ரவாங் அம்மா

மகளுக்கு எஸ்பிஎம், அதாவது மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு, முடிவு வந்துவிட்டது. ஆறு பாடத்தில் கிரெடிட். சைக்காலஜிதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கல்லூரியில் கேட்டால் முதலில் ஒரு வருஷம் பவுண்டேஷன், அப்புறம் மூன்று வருஷம் டிகிரி என்கிறார்கள். என் அண்ணன், "ஆறாம் படிவம் போகட்டும், காசாவது மிச்சமாகும்" என்கிறார். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இந்த வழியில் போனவர்கள் இருந்தால், கல்லூரி விளம்பரத்தில் வராததைக் கொஞ்சம் சொல்லுங்கள்.

செந்தூல்காரி

அக்கா, நான் 2019-இல் பவுண்டேஷன் சேர்ந்தேன். முதலில் காசு விஷயம், ஏனென்றால் அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் டிப்ளோமாவுக்கும் டிகிரிக்கும்தான், பவுண்டேஷனுக்குக் கிடையாது. சேரப் போன அன்று மேசையில் இருந்த பெண், "லோன் எல்லாம் இருக்கு ஆண்டி, கவலைப்படாதீங்க" என்று சிரித்தார். இருந்தது உண்மைதான், டிகிரி தொடங்கிய பிறகு. முதல் வருஷத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

உங்கள் அண்ணன் சொல்வதிலும் தப்பில்லை. ஆறாம் படிவம் ஒன்றரை வருஷம், செலவு பெயருக்குத்தான். அதன் முடிவில் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வுச் சான்றிதழை வைத்துக்கொண்டு எந்தப் பல்கலைக்கழகத்தின் கதவையும் தட்டலாம். தனியார் பவுண்டேஷன் அப்படி இல்லை. அதே இடத்தில் டிகிரிக்குப் போனால் சிக்கல் இல்லாமல் போகும். நடுவில் மனம் மாறினால், இதை ஏற்பீர்களா என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டு அலைய வேண்டும்.

அடுத்தது அப்பா. "ஒரு வருஷம் பவுண்டேஷன்" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, "ஏன், திரும்பவும் ரிமூவ் கிளாஸா?" என்று கேட்டார். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இது புரியும். அந்தக் காலத்தில் ஆறாம் வகுப்பை முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனால் பெரும்பாலும் நேராகப் படிவம் ஒன்று கிடையாது, மலாய் மொழி தேற ஒரு வருஷம் தனி வகுப்பு. அப்பா 1981-இல் அதில் உட்கார்ந்தார். சாயங்காலம் கூடப் பந்து விளையாடிய பையன்கள் எல்லாம் படிவம் ஒன்றில், இவர் மட்டும் பின்கட்டடத்தில். அந்த ஒரு வருஷத்தை மனிதர் இன்றுவரை விடவில்லை. என்னைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பாமல் தேசியப் பள்ளியில் போட்டதற்கே அதுதான் காரணம். இப்போது மகளும் ஒரு வருஷம் கீழே உட்காரப் போகிறாள், அதுவும் காசு கொடுத்து! அவருக்கு ஆறவே இல்லை.

சரி, அந்த வருஷத்தில் என்ன படித்தேன்? சோபாவில் சாய்ந்து கனவு சொல்வது, ஃபிராய்டு, இப்படித்தான் நினைத்துப் போனேன். முதல் வாரமே 1879-இல் லைப்சிக் நகரத்தில் வுண்ட் என்பவர் திறந்த சைக்காலஜி ஆய்வுக்கூடத்தில்தான் பாடம் தொடங்கியது. அடுத்த வாரம் சராசரி, திட்ட விலக்கம். எஸ்பிஎம்மில் எனக்குக் கணக்கு சி. இந்தப் படிப்பில் பாதி புள்ளியியல் என்று முன்பே தெரிந்திருந்தால் வந்திருப்பேனா என்று சந்தேகம்தான். மீதிப் பாதி கட்டுரை. எந்த வரியை எங்கே படித்தாய், யார் எழுதியது, எந்த வருஷம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். பள்ளியில் புத்தகத்தை அப்படியே எழுதினால் கெட்டிக்காரி. இங்கே அப்படி எழுதினால் திருடி.

அப்பாவையே உட்காரவைத்துச் செய்த ஒரு சோதனைக் கதை இருக்கிறது. வேலைக்கு நேரமாகிவிட்டது, ராத்திரி வந்து எழுதுகிறேன்.

பாயான் பாரு பையன்

பினாங்கிலிருந்து ஒரு அனுபவம். பவுண்டேஷனில் எங்களுக்கு 'கவனித்து எண்ணுதல்' என்று ஒரு பணி. யாரிடமும் பேசக் கூடாது, யாருடைய பெயரும் முகமும் பதிவாகக் கூடாது. பொது இடத்தில் நின்று ஒரே ஒரு நடத்தையை மட்டும் எண்ண வேண்டும். தைப்பூசம் வந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் என் மாமா தண்ணீர்ப் பந்தல் போடுவார். குடித்த கோப்பையை எத்தனை பேர் குப்பைத் தொட்டியில் போடுகிறார்கள், எத்தனை பேர் ரோட்டில் போடுகிறார்கள்? கேட்கச் சுலபமாக இருந்தது.

நானும் என் நண்பனும் தொட்டிக்கு இரண்டு பக்கமும் நின்றோம். பத்து நிமிஷம் கழித்து இரண்டு தாளையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் எண்ணிக்கையே ஒத்துப்போகவில்லை. ஒரே தொட்டி, ஒரே கூட்டம்! ஒருவர் எறிந்தது விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது. நான் 'தொட்டி' என்று போட்டேன், அவன் 'ரோடு' என்று போட்டான். ஒரு பாட்டி கோப்பையை மரியாதையாகத் தொட்டியின் காலடியில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார், ஏதோ படையல் வைத்த மாதிரி. ஒரு குழந்தை அம்மாவிடம் கொடுத்தது, அம்மா அப்பாவிடம் கொடுத்தார், அப்பா அதிலேயே இன்னொரு மோர் வாங்கிக் குடித்தார். இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் போடுவது?

அங்கேயே குந்தி உட்கார்ந்து மூன்று வரி எழுதினோம்: தொட்டிக்குள் போய் நின்றால் மட்டும் தொட்டி, விளிம்பில் பட்டு விழுந்தால் ரோடு, கைமாறினால் கடைசிக் கைதான் கணக்கு. அதற்கப்புறம்தான் இரண்டு தாளும் நெருங்கின. இரண்டு பேர் எண்ணியது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லவே ஒரு அளவு இருக்கிறது. ஜேக்கப் கோஹன் 1960-இல் கொடுத்தது, கப்பா என்பார்கள். டிகிரியில் அது வந்தபோது வகுப்பில் பாதிப் பேர் முழித்தார்கள். எனக்கு அந்த மோர்க் கோப்பை ஞாபகம் வந்தது.

இன்னொரு கூத்தும் நடந்தது. நாங்கள் கையில் அட்டையும் பேனாவுமாக நின்றதைப் பார்த்து ஜனங்கள் எங்களை நகராண்மைக் கழக ஆட்கள் என்று நினைத்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் எல்லாரும் ஒழுங்காகத் தொட்டியில் போட ஆரம்பித்தார்கள். மாமாவுக்கு ஒரே சந்தோஷம், "தினம் வாங்கடா" என்றார். எங்களுக்குத்தான் மொத்தக் கணக்கும் வீண். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் நடத்தையே மாறிவிடும், புத்தகத்தில் நாலு பக்கம் இருக்கிறது. பிறகு செருப்பு விடும் இடத்துப் பக்கமாகப் போய் உட்கார்ந்து, கைப்பேசியைப் பார்ப்பது போல எண்ணினோம்.

மேசை நம்பர் ஏழு

படிப்பைவிடச் சொந்தக்காரர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். கல்யாண வீட்டில் எனக்கு விழுகிற முதல் கேள்வி, "என் மனசுல இப்ப என்ன இருக்கு, சொல்லு பாப்போம்." இரண்டாவது, "அப்ப தஞ்சோங் ரம்புத்தான்லதான் வேலையா?" நம் ஊரில் யாரையாவது கிண்டல் பண்ண வேண்டுமென்றால் அந்த ஊர்ப் பெயர் போதும். அங்கே இருக்கும் மனநல மருத்துவமனை 1911-இல் வந்தது. அதன் பெயர் பஹாகியா, மலாயில் மகிழ்ச்சி என்று அர்த்தம். இதைப் பந்தியில் எடுத்துச் சொன்னேன். "அப்படியா" என்று கேட்டுவிட்டு எனக்கு ஒரு வடை வைத்தார்கள்.

குறுக்கு வழியில் போனவள்

நான் பவுண்டேஷன் இல்லாமல் போனவள், அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயசுக்கு மேல் ஆசை வந்தது. இருபத்தொரு வயது தாண்டி, வேலை அனுபவம் இருந்தால், ஏபெல் என்ற வழியில் தேர்வு எழுதி அனுபவத்தையே தகுதியாகக் காட்டி டிகிரிக்குப் போகலாம். போனேன். பிள்ளை வளர்த்தவள், அலுவலகத்தில் இருபது பேரோடு மல்லுக்கட்டியவள், மனித மனம் எனக்குத் தெரியாதா என்ற தைரியம்தான்.

முதல் செமஸ்டர் புள்ளியியல் வகுப்பில் ஆசிரியர் கணினியில் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளைத் திறந்தார். பக்கத்தில் இருந்த பத்தொன்பது வயசுப் பிள்ளைகள் டக்டக்கென்று தட்டுகிறார்கள். போன வருஷமே தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். நான் மௌஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீனப் பெண் ஒன்றும் சொல்லாமல் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். அந்த செமஸ்டர் முழுக்க அவள்தான் எனக்குப் பவுண்டேஷன்.

முன்னாள் போர்டுக்காரன்

ரவாங் அக்கா, மகளிடம் ஒன்றை இப்போதே பேசிவிடுங்கள். டிகிரி முடித்தால் 'கவுன்சலர்' என்று போர்டு மாட்டலாம் என்று நினைத்து, அட்டையே அச்சடித்தவன் நான். நம் நாட்டில் கவுன்சலர் என்ற பெயருக்கு 1998-இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. கவுன்சலிங்குக்கென்று அங்கீகரித்த படிப்பு படித்து, வாரியத்தில் பதிய வேண்டும். சைக்காலஜி டிகிரி வேறு, அது வேறு. மருத்துவமனையில் நோயாளி பார்க்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டுமானால் அதற்கென்று மாஸ்டர்ஸ் தனியாக இருக்கிறது. அவர்கள் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருகிறார்கள். மருந்து எழுதுகிறவர் சைக்கியாட்ரிஸ்ட், அவர் முதலில் டாக்டருக்குப் படித்தவர். இந்த மூன்றும் ஒன்று என்றுதான் எங்கள் வீட்டில் நாலு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். அச்சடித்த அட்டைகளின் பின்பக்கத்தில் இப்போது மளிகைக் கணக்கு எழுதுகிறோம். மனிதவளத் துறையில் வேலை, குறை ஒன்றும் இல்லை.

ரவாங் அம்மா

எல்லாருக்கும் நன்றி. மகளும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். கவுன்சலர் விஷயம் அவளுக்கும் தெரியாது. இனி நாங்களே போய்க் கேட்கிறோம். செந்தூல் தங்கச்சி, அப்பா கதை பாதியில் நிற்கிறதே?

செந்தூல்காரி

வந்துவிட்டேன் அக்கா.

இரண்டாவது செமஸ்டரில் ஒரு பழைய சோதனையை வீட்டில் செய்து பார்க்கச் சொன்னார்கள். ஸ்ட்ரூப் என்ற அமெரிக்கர் 1935-இல் எழுதியது. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டுவார்கள். சொல்லை வாசிக்கக் கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். செய்து பாருங்கள், வாய் 'சிவ' என்று கிளம்பிவிடும். வாசிப்பு அவ்வளவு பழகிப்போனது, வேண்டாம் என்றாலும் கண் வாசித்துவிடும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் நேரம் போகிறது. எந்த மொழியை நன்றாக வாசிக்கிறோமோ அந்த மொழியில் தடுமாற்றம் கூடுதலாக இருக்கும்.

இரண்டு மணிலா அட்டை வாங்கினேன். ஒன்றில் இருபத்து நான்கு ஆங்கிலச் சொல், இன்னொன்றில் இருபத்து நான்கு தமிழ்ச் சொல்: சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், கலந்து கலந்து. சனிக்கிழமை ராத்திரி அப்பாவைப் பிடித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆங்கில அட்டை சுமாராகப் போனது. தமிழ் அட்டையில் மனிதர் திணறிவிட்டார். "சிவ... இல்ல, பச்சை. மஞ்... ஐயோ, சிவப்பு." நீல மைக்கு 'ஊதா' என்கிறார். எங்கள் வீட்டில் நீலத்துக்கு ஊதா என்றுதான் சொல்வோம். அது தப்பா, சரியா? தொட்டி விளிம்பில் பட்ட கோப்பை மாதிரிதான். பிறகு ஆசிரியரிடம் கேட்டதற்கு, "சோதனைக்கு முன்னாலேயே முடிவு செய்திருக்க வேண்டும்" என்றார். ஆங்கில அட்டையை எல்லாருக்கும் முதலில் காட்டாதே, பாதிப் பேருக்குத் தமிழ் முதலில் வரட்டும் என்றும் சொன்னார்.

அது இருக்கட்டும். தமிழ் அட்டைக்கு அப்பாவுக்குப் பதினைந்து வினாடி போலக் கூடப் பிடித்தது. "தமிழ் படிச்சு நாப்பது வருஷம் ஆச்சு, மறந்துபோச்சு" என்று அவரே காரணம் சொல்லிக்கொண்டார். "இப்ப நீ செய்" என்று கைப்பேசியை வாங்கி நேரம் பார்த்தார். நான் தமிழ் அட்டையைக் கடகடவென்று முடித்துவிட்டேன். ஆங்கிலத்தைவிட வேகம். ஒரு தப்பு இல்லை.

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா, அப்பாவைவிட நீ கெட்டிக்காரி!" அம்மாவை வேறு அடுப்படியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்த வயசில் படித்ததையெல்லாம் உடனே சொல்லிவிட வேண்டும் எனக்கு. நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்தான் இதில் தடுமாறுவார் என்றேன். உங்களுக்குத் தமிழ் மறக்கவே இல்லை, பார்த்ததும் உள்ளே போய்விடுகிறது. எனக்கு இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வருகிறது, அதனால் அந்தச் சொற்கள் என்னைத் தடுக்கவே இல்லை. தேசியப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு என்று ஒன்று இருந்தது, பெயருக்கு. இந்த அளவுக்குத் தமிழில் எழுதவே நான் அதற்குப் பிறகுதான் பழகினேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டிவி சத்தத்தைக் குறைத்தார். அப்புறம் தமிழ் அட்டையை எடுத்து, கைப்பேசியை என்னிடம் கொடுத்து, "நேரம் பாரு" என்றார். இந்த முறை மையின் நிறத்தை விட்டுவிட்டுச் சொற்களை வாசித்தார், பள்ளியில் எழுந்து நின்று வாசிப்பதுபோல. இருபத்து நான்கும் பதினோரு வினாடி.

"இதுக்கு எவ்வளவு மார்க்?" என்று கேட்டார்.