ஹோவர்ட் ஜோன்ஸ், 'ட்ரீம் இன்டு ஆக்‌ஷன்': கேசட்டில் ஒரு மாதிரி, ஸ்ட்ரீமிங்கில் வேறு மாதிரி. மறுபதிப்பு வாங்கலாமா?

கிளமெண்டி_கதிர்

வணக்கம். அப்பா சின்ன வீட்டுக்கு மாறப்போகிறார். ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது ஒரு பெட்டி நிறைய ஆங்மோ (ஆங்கில) கேசட்டுகள் கிடைத்தன. பாதிக்கு மேல் எண்பதுகளின் சிந்த் பாப், அதாவது சிந்தசைசர் ஒலியை வைத்துச் செய்த பாப் பாட்டுகள். மற்றவற்றைத் தூக்கிப் போடலாம் என்றவர் பிரிட்டிஷ் பாடகர் ஹோவர்ட் ஜோன்ஸின் இரண்டாவது ஆல்பத்தை மட்டும் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். 1985இல் வந்தது.

நண்பனின் பிளேயரில் போட்டுக் கேட்டேன். 'நோ ஒன் இஸ் டு பிளேம்' பாட்டில் பியானோதான் பிரதானம், ரொம்ப அடக்கமாக இருக்கிறது. ஃபோனில் அதே பெயரைத் தேடிப் போட்டால் டிரம்ஸ், பின்னால் இன்னொரு ஆண் குரல், எல்லாம் பெரிதாகக் கேட்கிறது. டேப் தேய்ந்துபோனதால் இப்படியா, இல்லை அப்பா வாங்கியது திருட்டு கேசட்டா?

அப்பாவின் பிறந்தநாளுக்கு 2018இல் செர்ரி ரெட் நிறுவனம் வெளியிட்ட மறுபதிப்பை வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். சாதாரணப் பதிப்பு போதுமா, பெரிய பெட்டி (பாக்ஸ் செட்) வேண்டுமா? கொஞ்சம் சொல்லுங்கள்.

பழைய_டெக்

தம்பி, உங்க காதும் சரி, அப்பாவோட டேப்பும் சரி. ரெண்டும் வேற வேற ரெக்கார்டிங்.

ஆல்பம் 1985 மார்ச்ல வந்துச்சு. தயாரிச்சவர் ரூபர்ட் ஹைன். டீனா டர்னரோட 'பிரைவட் டான்ஸர்' ஆல்பத்துலயும் சில பாட்டு அவர் கைவண்ணம்தான். 2020ல காலமாயிட்டார். அவர் செஞ்ச 'நோ ஒன் இஸ் டு பிளேம்'தான் உங்க கேசட்ல இருக்கு. அப்புறம் அமெரிக்க ரேடியோவைக் குறி வச்சு அதே பாட்டைத் திரும்பப் பதிவு செஞ்சாங்க. ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசிச்சார், பின்குரலும் அவர்தான். ஹியூ பாட்கமும் அவரும் சேர்ந்து தயாரிச்சது. 1986ல அமெரிக்காவுல நாலாவது இடம் வரைக்கும் போச்சு. பிரிட்டன்ல 16தான். அடுத்த ஆல்பம் 'ஒன் டு ஒன்'லயும் அதைச் சேர்த்தாங்க. ஹிட் ஆனது அதுதான், அதனால தொகுப்புகள்ல எல்லாம் அதுவே ஏறி உக்காந்துக்கிச்சு. பேரைத் தட்டினா முதல்ல வர்றதும் அதுதான்.

என்னைக் கேட்டா, உங்க அப்பா கேட்ட பாட்டுதான் பாட்டு. ஆசைப்பட்டும் கை நீட்டாம நிக்கிறவனோட பாட்டு அது. அதுக்கு டிரம்ஸ் எதுக்கு? ரகசியம் பேசுறவன் பக்கத்துல உக்காந்து தவில் வாசிச்ச மாதிரி.

1985ல எனக்கு என்எஸ் (தேசிய சேவை) முடிஞ்ச புதுசு. வார நாள்ல பட்டறை வேலை, சனிக்கிழமை மொபைல் டிஸ்கோ. சமூக மன்றத்துல ரெண்டு டர்ன்டேபிள், ஒரு மிக்ஸர், நாலு கலர் லைட்டு, அவ்வளவுதான் எங்க சொத்து. சிங்கப்பூர் சுதந்திரம் வாங்கினதுக்கு அப்புறம் முதல் மந்தநிலை அந்த வருஷம்தான். எங்க பட்டறைல ஆளைக் குறைச்சாங்க. அடுத்த வருஷம் முதலாளிங்க கட்டுற சிபிஎஃப் (மத்திய சேம நிதி) 25 விழுக்காட்டுல இருந்து 10 விழுக்காடா இறங்குச்சு. அந்த நேரத்துல இந்த ஆல்பத்தோட முதல் பாட்டுல 'திங்ஸ் கேன் ஒன்லி கெட் பெட்டர்'னு ஒருத்தன் ஊதுகுழல் கோஷ்டியோட வந்து கத்தினா எப்படி இருக்கும்? வேலை போனவனும் ஆடினான்.

அந்த ஊதுகுழல் சிந்தசைசர் இல்ல, நிஜ ஆளுங்க. டிகேஓ ஹார்ன்ஸ். பின்னால பாடுற பொண்ணுங்க அஃப்ரோடிசியாக். ரெண்டு கோஷ்டியும் 1983ல எல்விஸ் காஸ்டெல்லோவோட 'பஞ்ச் தி கிளாக்'ல வேலை செஞ்சவங்க. அந்தக் குழுவுல இருந்த கேரன் வீலர்தான் 1989ல சோல் டு சோல் குழுவோட பாட்டுகள்ல பாடி உலகம் பூரா தெரிஞ்சாங்க. முதல் ஆல்பத்துல ஒரு ஆளும் கீபோர்டுகளும்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தவங்களுக்கு இது ஒரு அதிர்ச்சி. 1984ல வந்த அந்த 'ஹியூமன்ஸ் லிப்' பிரிட்டன்ல முதலிடம். இது ரெண்டாவது இடத்துல நின்னுச்சு, ஆனா அமெரிக்காவுல முதல் பத்துக்குள்ள வந்துச்சு.

'அசால்ட் அண்ட் பேட்டரி' கேட்டீங்களா? மாமிசம் சாப்பிடுறதுக்கு எதிரான பாட்டு. தைப்பூச விரதத்துல இருந்த என் தம்பி அதை ஓயாம போட்டு வீட்டையே சைவமாக்கப் பார்த்தான். அம்மா கேசட்டை ஒளிச்சு வச்சுட்டாங்க.

திருட்டு டேப்பான்னு கேட்டீங்க. இருக்கலாம், அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. புதிய பதிப்புரிமைச் சட்டம் 1987 ஏப்ரல்லதான் இங்க நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னால பாதி சிங்கப்பூர் அப்படித்தான் பாட்டு கேட்டுச்சு. அட்டையைப் பாருங்க. எழுத்து மங்கலா இருந்து, பாட்டு எழுதினவர் பேரு இல்லாம, கடைசியில சம்பந்தமே இல்லாத வேற ஆளோட பாட்டு ரெண்டு ஒட்டியிருந்தா, அது அந்தக் காலத்துச் சரக்கு.

மறுபதிப்பு? வாங்குங்க. பெரிய பெட்டி வேணாம். ஆல்பம் வரிசை மாறாம, அந்த அடக்கமான பாட்டு அதுக்குரிய நாலாவது இடத்துல இருந்தா போதும். 'ட்ரீம் இன்டு ஆக்‌ஷன்' தலைப்புப் பாட்டு முடிஞ்சு, ஆட்டம் அடங்கி அது வரும்போதுதான் அதோட அருமை தெரியும்.

மீனா_பொங்கோல்

பழைய டெக் அண்ணே சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். காலின்ஸ் என்றதும் எல்லோருக்கும் 'இன் தி ஏர் டுநைட்' இடி முழக்கம் ஞாபகம் வரும். இந்தப் பாட்டில் அவர் அப்படி வாசிக்கவில்லை. மெதுவாகத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு போகிறார், குரல் சேர்வதும் இதமாக இருக்கிறது. நான் 1994இல் பிறந்தவள். எனக்கு முதலில் கேட்டது 1986 பாட்டுதான். பழையதைப் பிறகு கேட்டபோது டெமோ போல இருந்தது. கேட்ட வரிசைதான் பாதி ரசனையைத் தீர்மானிக்கிறது, சட்டம் போட முடியாது.

கதிர், இன்னொரு விஷயம். பிரிட்டிஷ், அமெரிக்கப் பதிப்புகளின் பாட்டுப் பட்டியல் ஒன்றல்ல. செகண்ட் ஹேண்ட் எல்பி வாங்கப் போனால் பின்னட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். உங்கள் அப்பா கேட்டுப் பழகிய பாட்டு அதில் இல்லாமல் போகலாம்.

பழைய_டெக்

மீனா, டெமோன்னு சொன்னீங்களே, அதுக்கு ஒரு நாள் கோப்பிக்கடையில உக்காந்து பஞ்சாயத்து வைப்போம். 1985 ஜூலை 13, லைவ் எய்ட் (பஞ்ச நிவாரணத்துக்கு நடந்த பெரிய கச்சேரி), லண்டன் வெம்ப்ளி. அவ்வளவு பெரிய கூட்டத்துல ஹோவர்ட் ஜோன்ஸ் பேண்டு இல்லாம, பியானோ முன்னால உக்காந்து 'ஹைட் அண்ட் சீக்' பாடினார். கீபோர்டு மலைக்கு நடுவுல நிக்கிறவர்னு பேர் எடுத்தவரு. அதே வருஷம் பிப்ரவரியில கிராமி மேடையில ஸ்டீவி வொண்டர், ஹெர்பி ஹான்காக், தாமஸ் டால்பியோட சேர்ந்து சிந்தசைசர் கச்சேரி. ரெண்டையும் செய்யத் தெரிஞ்ச ஆளு. ஆல்பமும் அப்படித்தான்: முதல் பாட்டு முழுக்கக் கூட்டம், நாலாவது பாட்டுல ஆள் தனியா. மறுபதிவு அந்தத் தனிமையை எடுத்துடுச்சு. என் புகார் அவ்வளவுதான், காலின்ஸ் மேல எனக்குக் கோபம் இல்ல.

யீஷூன்_ராஜா

பெட்டி வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். 12 அங்குலத் தட்டில் வந்த நீட்டித்த மிக்ஸ்கள், சிங்கிள்களின் பின்பக்கப் பாட்டுகளான பி சைடுகள் எல்லாம் தேடி அலையாமல் ஒரே இடத்தில் கிடைப்பது சின்ன விஷயமா? அண்ணே, நீங்களே டிஸ்கோ ஓட்டியவர். நீட்டித்த மிக்ஸ் இல்லாமல் சனிக்கிழமை எப்படிச் சமாளித்தீர்கள்?

பழைய_டெக்

ராஜா, நல்லா மடக்கினீங்க. எனக்கு 12 அங்குலம் வேணும், ஏன்னா ஒரு பாட்டு முடியிறதுக்குள்ள அடுத்த தட்டை எடுத்துத் தொடைச்சு, ஊசி வச்சு, வேகத்தைச் சரி பண்ணணும். ஆறு நிமிஷம் ஓடினா நடுவுல ஒரு பந்தோங் (ரோஸ் சிரப் கலந்த பால்) குடிக்கலாம். கதிரோட அப்பா வீட்டு சோபாவுல உக்காந்து கேக்கப் போறவரு. அவருக்கு நீட்டி முழக்கின டிரம்ஸ் எதுக்கு? அவர் ஆடுற ஆளா இருந்தா மட்டும் பெட்டி. கதிர், அப்பா ஆடுவாரா?

கிளமெண்டி_கதிர்

எல்லோருக்கும் நன்றி. அப்பா ஆடுவாரா என்று அம்மாவிடம் கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை. அதனால் பெட்டி பற்றி இன்னும் யோசனையில் இருக்கிறேன்.

அட்டையில் எழுத்து தெளிவாக இருக்கிறது, கம்பெனி பெயரும் இருக்கிறது. அசல்தான் போல. ஆனால் டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன். இதை டிஜிட்டலாக மாற்றி வைக்கலாமா?

பழைய_டெக்

அது பூஞ்சை. நம்ம ஊர் ஈரக் காத்துல மூடி வச்ச பெட்டிக்குள்ள வராம இருந்தாத்தான் ஆச்சரியம். அதை இனிமே யார் பிளேயர்லயும் போடாதீங்க. டேப்பை வாசிக்கிற ஹெட்டுல ஒட்டி அடுத்த டேப்புக்கும் பரவும். நண்பரோட பிளேயர் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் வச்சு இன்னைக்கே தொடைச்சுடுங்க, அவர் கேக்குறதுக்கு முன்னாடி.

கேசட்டை மத்ததுல இருந்து பிரிச்சு, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட காத்துப் போகாத டப்பாவுல போட்டு வைங்க. கேமரா வைக்கிற டிரை கேபினட் யார்கிட்டயாவது இருந்தா இன்னும் நல்லது. காஞ்சப்புறம் வெள்ளையைத் தட்டி எடுக்கணும், வீட்டுக்குள்ள வேணாம், முகக்கவசம் போட்டுக்குங்க. டேப்பை ஹெட்டோட சேர்த்து அழுத்துற ஃபெல்ட் துண்டு கழண்டிருக்கான்னு பாருங்க, அந்தக் காலத்துப் பசை இந்நேரம் காஞ்சிருக்கும். கேசட்டோட பிளாஸ்டிக் ஓடு திருகு போட்டதா இருந்தா சுலபம், ஒட்டினதா இருந்தா வேற ஓட்டுக்கு மாத்தணும். ஒரு தடவை முன்னாலயும் பின்னாலயும் முழுசா சுத்திட்டு, அப்புறம் ஒரே ஓட்டத்துல ரெக்கார்ட் பண்ணிடுங்க. டால்பி பி (இரைச்சலைக் குறைக்கிற முறை) அடையாளம் அட்டையில இருந்தா டெக்குலயும் அதைப் போடுங்க, இல்லன்னா சீறலா கேக்கும்.

பெட்டியில மிச்சம் என்னென்ன இருக்குன்னு ஒரு போட்டோ போடுங்க. தாமஸ் டால்பி இருந்தா தூக்கிப் போடாதீங்க, நான் கிளமெண்டி வந்து வாங்கிக்கிறேன்.