மொய்ராவுக்கு என்ன சொல்? ஊழா, பாலா? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். முதுகலை மாணவர்களுக்குக் கிரேக்க, ரோமானியக் காப்பியங்களை ஒரு தாளாக நடத்துகிறேன். பாடக்குறிப்பும் சொற்பட்டியலும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. மற்றச் சொற்கள் ஒருவழியாக முடிந்துவிட்டன. ஒருவருக்கு வகுக்கப்பட்ட விதியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘மொய்ரா’தான் பாக்கி.

இதுவரை ஊழ் என்றே சொல்லிவந்தேன். போன வாரம் விடைத்தாள் திருத்தும்போது, ஹோமரின் இலியட் காப்பியத்தில் வரும் டிராய் வீரன் ஹெக்டரின் சாவைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்ததைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். “ஊழ்வினை உருத்து வந்து ஊட்டியது. கோவலன் முற்பிறவியில் பரதனாக இருந்ததுபோல ஹெக்டரும் முன்பு எதையோ செய்திருக்க வேண்டும்.” நன்றாகப் படிக்கிற பெண். தப்பு அவளுடையதல்ல, நான் கொடுத்த சொல்லுடையது. இலியட்டில் முற்பிறவிக் கணக்கே கிடையாது. அரிஸ்டாட்டில் கவிதையியல் 13ஆம் இயலில், தகாத துன்பம் படுகிறவனைக் கண்டுதான் இரக்கம் பிறக்கும் என்கிறார். வினைப்பயன் என்று சொன்ன மாத்திரத்தில் அந்தத் துன்பம் தகுந்ததாகிவிடுகிறது. அப்புறம் ஹெக்டருக்காக யார் அழுவார்கள்?

ந.

*

ந. அம்மாவுக்கு,

ஊழைக் கைவிட வேண்டாம். ஊழ் வேறு, ஊழ்வினை வேறு. ஊழ் என்றால் முறை, முதிர்வு. ‘இணர்ஊழ்த்தும் நாறா மலர்’ என்று குறளில் (650) வருகிறதே, பூ என்ன வினை செய்து ஊழ்த்தது? புறம் 192இல் ‘நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்’ என்கிறார் பூங்குன்றனார். ஆற்றோடு போகிற தெப்பத்துக்கு ஏது பாவ புண்ணியம்? வினையைக் கழித்துவிட்டுப் பழைய ஊழை மாணவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். அதுவும் தமிழாசிரியர் வேலைதான்.

இன்னொன்று. மொய்ரா, முறை இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

அ.

*

அ. ஐயா, மன்னிக்கணும். ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு சொல்ல முடியாது. மொய்ரா ‘மெய்ரொமாய்’ என்ற வினைச்சொல்லிலிருந்து வருகிறது. பங்காகப் பெறுவது என்று பொருள். பகுதியைக் குறிக்கும் ‘மெரொஸ்’ அதன் உடன்பிறப்பு. ஹோமரிடம் இறைச்சித் துண்டும் மொய்ரா, சாவும் மொய்ரா. இலியட் 9ஆம் காண்டத்தில் கிரேக்க வீரன் அக்கிலீஸ், பின்தங்கி நிற்கிறவனுக்கும் முனைந்து போரிடுகிறவனுக்கும் ஒரே மொய்ராதான் என்று கசந்து பேசுகிறான். 22ஆம் காண்டத்தில் ஹெக்டர், மொய்ரா என்னைப் பிடித்துவிட்டது என்கிறான். இரண்டு இடத்திலும் ஒரே சொல். ஊழ் என்று போட்டால் அந்தக் கோடு அறுந்துபோகும்.

தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்தும் சொல் பால். பகுதிக்கும் பால், விதிக்கும் பால். ‘பால்வரை தெய்வம்’ என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே இருக்கிறது. அவரவர் பாலை வரைந்து கொடுக்கும் தெய்வம். பகு என்பதிலிருந்து பகல், பகல் சுருங்கிப் பால், அகல் ஆல் ஆனது போல. பாத்தி, பாத்தூண் (பகிர்ந்துண்ணும் உணவு) எல்லாம் இந்தக் குடும்பம்.

செ.

*

செ. தம்பிக்கு,

பள்ளியில் 20 ஆண்டு பாடம் நடத்தியவள் சொல்கிறேன். கரும்பலகையில் பால் என்று எழுதினால் பிள்ளைகள் மனசில் முதலில் வருவது குடிக்கிற பால், அடுத்தது ஆண்பால் பெண்பால். விதி கடைசியில்கூட வராது. தவிரவும் பால்வரை தெய்வத்துக்கு உரைகாரர்கள் நல்வினை தீவினை என்ற இருவினையைக் கொண்டுவந்துதான் பொருள் சொல்கிறார்கள். வினைக்குப் பயந்து ஊழை விட்டு ஓடினால் அது அங்கேயும் வந்து நிற்கிறது.

தலையெழுத்து என்று போடலாமே என்று முதலில் நினைத்தேன். பிறகு 24ஆம் காண்டத்தை எடுத்துப் பார்த்தேன். மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டுப் பகைவன் பாசறைக்குப் போகப்போகிற பிரியாமிடம் மனைவி ஹெகுபா சொல்கிறாள்: நான் அவனைப் பெற்றபோதே, பெற்றவர்களை விட்டு எங்கோ தொலைவில் நாய்களுக்கு இரையாக வேண்டும் என்று மொய்ரா அவனுக்கு நூல் நூற்றுவிட்டாள். எழுத்தே இல்லை அங்கே, நூல்தான் இருக்கிறது. விதிக்கு ரோமானியர் சொல்லும் ‘ஃபாட்டும்’ சொல்லப்பட்டது என்ற பொருளில் வருகிறது. ஆக, ஒருவர் பங்கு வைக்கிறார், ஒருவர் நூற்கிறார், ஒருவர் சொல்கிறார், நாம் எழுதுகிறோம். எல்லாருக்கும் புரிகிற ‘பங்கு’ போதும். “அவன் பங்குக்கு வந்தது” என்று யார் வீட்டிலும் சொல்வார்கள்.

த.

*

பங்கு என்பதில் கனமே இல்லை அம்மா. 16ஆம் காண்டத்தைப் பாருங்கள். சொந்த மகன் சார்ப்பிடான் பட்ரோக்ளஸ் கையில் சாகப்போகிறான் என்று தெரிந்து, தூக்கிக் காப்பாற்றிவிடலாமா என்று ஜீயஸ் தவிக்கிறான். மனைவி ஹீரா தடுக்கிறாள். மகனுக்காக இரத்தத் துளிகளை மழையாகப் பெய்யவிட்டு அடங்குகிறான். ஊழைப் பற்றி ‘மற்றொன்று சூழினும் தான்முந் துறும்’ என்று குறள் சொல்வதற்கு இதைவிட உரை வேண்டுமா? தேவர்களின் அரசனையே நிறுத்திவைக்கும் வலிமை பங்கு என்ற சொல்லுக்கு உண்டா?

அ.

*

ஐயா, அந்த இடம்தான் எனக்கும் சாட்சி. பங்கு வைத்தாகிவிட்டது, அதில் கைவைத்தால் மற்றத் தேவர்களும் அவரவர் பிள்ளைகளைத் தூக்கப் பார்ப்பார்கள் என்றுதானே ஹீரா சொல்கிறாள்? சண்டை பங்கீட்டைப் பற்றியது.

செ.

*

நண்பர்களே,

வியாழன் இரவு ஆகிவிட்டது. பேசியவர்களிலும் தனிமடல் போட்டவர்களிலும் பெரும்பாலோர் ஊழ் பக்கம். பட்டியலில் இப்படிப் போடுகிறேன்: ‘மொய்ரா – ஊழ், அவரவர்க்கு வகுத்த பால், பங்கு. வினைப்பயன் அன்று.’ ஃபாட்டும் இப்போதைக்கு விதி. எனக்கு முழு நிறைவு இல்லை, ஆனால் அச்சகம் காத்திருக்காது.

ந.

*

சரி அம்மா, பட்டியலில் ஊழ் இருக்கட்டும். என் மறுப்பும் பதிவில் இருக்கட்டும். சேர்த்திருக்கும் ‘வினைப்பயன் அன்று’ என்ற இரண்டு சொல்லை அச்சகத்தில் இடம் போதவில்லை என்று எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 24ஆம் காண்டம் நடத்தும் அன்று ஹெகுபாவின் பேச்சை ஊழ் என்று ஒரு தடவையும் பால் என்று ஒரு தடவையும் வாசித்துக் காட்டுங்கள். அந்த மாணவி என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

செ.