'நம் வீடு' குழுவில் ஒரு தங்க இலை

லண்டன் அக்கா: பெரியப்பா, ஏலப் பட்டியலில் வந்த ஒரு ப்ரூச் (உடையில் குத்தும் நகை) படம் அனுப்பியிருக்கிறேன். லண்டன் நகை வடிவமைப்பாளர் ஆண்ட்ரூ கிரிமா 1960களில் செய்தது. தங்க இலை, ஓரத்தில் பொடி வைரங்கள். பார்த்துச் சொல்லுங்கள்.

சித்தி: பாலிஷ் போடாமல் விட்டுவிட்டார்களா? சொரசொரவென்று இருக்கிறதே.

லண்டன் அக்கா: வேண்டுமென்றே விட்டது சித்தி. அதற்கு முன்பெல்லாம் இங்கே பெரிய நகை என்றால் பிளாட்டினத்தில் நெருக்கமாக வைரம் பதிப்பார்கள், உலோகமே கண்ணில் படாது. இவர் தங்கத்தை முன்னால் கொண்டுவந்தார். எனக்கு இவர் வேலை என்றால் உயிர்.

பெரியப்பா: பெரிதாக்கிப் பார்த்தேன் அம்மா. நரம்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. இது உளி வேலை இல்லை. நிஜ இலையில் அச்சு எடுத்து வார்த்திருக்கிறார்கள். சுவாமிமலையில் மெழுகை உருக்கிச் சிலை வார்க்கிறார்களே, அந்த வழிதான். மெருகு ஏற்றியிருந்தால் அத்தனை நரம்பும் தேய்ந்திருக்கும்.

லண்டன் அக்கா: அதேதான்! மரப்பட்டை, பென்சில் சீவல் வரைக்கும் தங்கத்தில் செய்தவர். எலிசபெத் அரசியின் தங்கை இளவரசி மார்கரெட், ஸ்காட்லாந்தில் உள்ள பால்மோரல் அரண்மனைத் தோட்டத்தில் எடுத்த கல்பாசியைக் கொடுத்து ப்ரூச் செய்யச் சொன்னாராம்.

சித்தி: குருமாவில் போடுகிறோமே, அந்தக் கல்பாசியா?

லண்டன் அக்கா: அந்த இனம்தான் சித்தி.

பெரியப்பா: கிரிமா யாரிடம் தொழில் கற்றார்?

லண்டன் அக்கா: கற்கவே இல்லை பெரியப்பா. படித்தது பொறியியல். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவில் ராணுவத்தில் இருந்தார். அப்புறம் மாமனாரின் நகைப் பட்டறைக்கு வந்தார். 1948ல் இரண்டு வியாபாரிகள் பெட்டி நிறைய பிரேசில் கற்களோடு வர, மாமனாரிடம் சொல்லி மொத்தத்தையும் வாங்க வைத்தார். அந்தக் கற்களை வைத்து வரைய ஆரம்பித்தவர், 1966ல் எடின்பரோ கோமகன் வடிவமைப்புப் பரிசு வாங்கினார். அதே வருடம் கோமகன், அதாவது எலிசபெத் அரசியின் கணவர் பிலிப், இவர் செய்த மாணிக்க ப்ரூச்சை அரசிக்குக் கொடுத்தார். 2017ல் 70ஆவது திருமண நாள் படத்தில் அரசி அதைத்தான் குத்தியிருந்தார்.

பெரியப்பா: சரி, வரைந்தது அவர். வார்த்தவர்கள், கல் பதித்தவர்கள் பெயர் போட்டிருக்கிறதா?

லண்டன் அக்கா: இல்லை பெரியப்பா. கிரிமா பெயர் மட்டும்தான்.

பெரியப்பா: அந்தக் கைகளும் பெரிய கைகள் அம்மா.

தம்பி: எத்தனை காரட் அக்கா?

லண்டன் அக்கா: 18.

சித்தி: 22 இல்லையா?

பெரியப்பா: 22 இளகும். இவ்வளவு மெல்லிய இலையில் வைரம் நிற்க 18தான் சரி. பின்பக்கப் படம் இருக்கிறதா? பின்பக்கம் பார்த்தால்தான் வேலை தெரியும்.

லண்டன் அக்கா: பட்டியலில் இல்லை. ஆனால் ஏலத்துக்கு முன் கையில் வாங்கிப் பார்க்கலாம். நாளை போகிறேன்.

பெரியப்பா: ஊசி, கீல், முத்திரை மூன்றையும் கிட்டத்தில் எடு. வைரத்துக்குப் பின்னால் வெளிச்சத்துக்குத் துளை விட்டிருக்கிறார்களா என்றும் பார்.